அந்த மைலேஜ் கணக்கு பொய்

போன மாதம் சேலத்தில் ஒரு மண்டப மைதானத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் கண்காட்சி வைத்திருந்தார்கள். மருமகன் விடாப்பிடியாக அழைத்துப் போனார். "மாமா, நீங்க வேலை பாத்த வண்டியெல்லாம் வந்திருக்குதுங்க" என்றார். வந்துதான் இருந்தது. ஓர் அம்பாசிடரும் ஒரு பியட்டும் பக்கத்தில் பக்கத்தில், முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போட்டு, சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி நின்றன. விண்டேஜ் கார்களாம். நான் அடியில் படுத்து கிரீஸ் அடித்த வண்டிகள் விண்டேஜ் என்றால் என்னை எந்தக் கயிற்றுக்குள் நிறுத்துவார்கள் என்று சிரித்துக்கொண்டேதான் கிட்டே போனேன்.

நடுவில் இருந்த பலகையைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

'நேருக்கு நேர்' என்று தலைப்புப் போட்டு இரண்டு வண்டிகளையும் ஒப்பிட்டிருந்தார்கள். எஞ்சின், அம்பாசிடருக்கு 1489 சிசி, பியட்டுக்கு 1089 சிசி. சரி. இரண்டுக்கும் நாலு சிலிண்டர், நாலு கியர், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் தண்டு, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதுவும் சரி. எடை, டேங்க் அளவு எல்லாம் சரி. கடைசி வரி மைலேஜ். அதில் அம்பாசிடரை மண்ணைக் கவ்வ வைத்திருந்தார்கள். கீழே சின்ன எழுத்தில் ஒரு விளக்கம்: இந்தப் பகுதியின் நூல் மில் ஒன்றில் அந்தக் காலத்திலேயே முறைப்படி நடத்தப்பட்ட ஒப்பீட்டுச் சோதனையின் முடிவு.

அது எங்கள் மில். அந்தச் சோதனை நடந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அது முறைப்படி நடக்கவில்லை. ஒரு மனிதனின் வேலையைப் பறிப்பதற்காக நடந்த கூத்து அது. இத்தனை வருஷம் கழித்து அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மைதானத்தில் வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

நான் தொழில் பழகியது நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில். அடி வாங்கியது, திட்டு வாங்கியது, கை நசுங்கியது எல்லாம் எல்லா மெக்கானிக்கும் சொல்கிற கதைதான், விட்டுவிடுகிறேன். அங்கிருந்து ஆட்டையாம்பட்டிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருந்த அந்த மில்லின் மோட்டார் செக்‌ஷனுக்கு வந்தேன். நூல் ஏற்றும் லாரிகளும், இந்த இரண்டு கார்களும் என் பொறுப்பு. ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

எனக்கு மேலே சிதம்பரநாதன் சார். மில்லின் இன்ஜினியர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவரைப் போல வேலை தெரிந்த ஆளை நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன். வண்டி கோளாறு என்று டிரைவர் வந்து நின்றால் பானெட்டைத் திறக்கச் சொல்ல மாட்டார். முதலில் டிரைவரை உட்கார வைப்பார். எப்போது ஆரம்பித்தது, ஏற்றத்திலா சமத்திலா, எஞ்சின் சூடான பிறகா முன்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். குரல் உயராது. யாரையும் 'நீ' என்று சொல்ல மாட்டார், வண்டி கழுவுகிற ஆளைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். பிறகு எழுந்து, நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் பட்டறையில் யாராவது சுத்தியலைத் தூக்கினால் போச்சு. கத்த மாட்டார், அந்த ஆளைத் திரும்பிப் பார்ப்பார். அதற்கு நாலு அறை தேவலை.

ஒரு வண்டி எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்று பார்ப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். டேங்கை நம்பவே மாட்டார். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, அளவு போட்ட பாட்டில் ஒன்றில் ஒரு லிட்டர் ஊற்றி, அதை பானெட்டுக்குப் பக்கத்தில் கட்டி, அதிலிருந்து நேராக எஞ்சினுக்குக் குழாய் கொடுப்பார். பாட்டில் காலியாகி வண்டி நிற்கிற இடம்வரை எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பார். அதோடு முடியாது. காற்றும் ஏற்றமும் ஏமாற்றும் என்று, அதே ரோட்டில் எதிர்த்திசையில் இன்னொரு லிட்டர் ஓட்டிப் பார்ப்பார். இரண்டு வண்டியை ஒப்பிடுவதென்றால் டயர் காற்று ஒன்று, ஏறுகிற ஆட்களின் எடை ஒன்று, ஓட்டுகிற ஆள்கூட ஒருவரே. "ஒண்ணுல மட்டும் வித்தியாசம் இருக்கணும் ராசு, அதுக்குப் பேருதான் ஒப்பிடறது. ரெண்டுல வித்தியாசம் இருந்தா அது வம்பு பேசறது" என்பார். இதைச் சொன்ன வாய் அவருடையதுதான் என்பதை வாசிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்த இரண்டு வண்டிகள். பலகையில் போடாததை நான் சொல்கிறேன். பியட் கச்சிதமான வண்டி. எடை குறைவு, எஞ்சின் சின்னது, சுறுசுறுப்பாக எடுக்கும். தார் ரோட்டில் ஒன்றிரண்டு பேரோடு போனால் அதன் சொகுசுக்கு அம்பாசிடர் பக்கத்தில் வராது. முன்னால் காயில் ஸ்பிரிங், அதனால் ஸ்டியரிங் லேசாக இருக்கும், நெரிசலான கடைவீதியில் சட்டென்று ஒடித்துத் திருப்பலாம். அம்பாசிடர் அப்படியில்லை. கனத்த உடம்பு, கனத்த ஸ்டியரிங், திருப்புவதற்குள் தோள் கழன்றுவிடும். ஆனால் பின்னால் ஐந்து பேரை அடைத்து, டிக்கியில் நூல் கோன் மூட்டைகளைத் திணித்து, மண் வண்டித் தடத்தில் விட்டால் முகம் சுளிக்காமல் போகும். பியட்டில் அதே பாரத்தை ஏற்றினால் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்துவிடும், ஏற்றத்தில் இரண்டாவது கியரிலேயே முனகும். ஒன்று மாப்பிள்ளை, ஒன்று மாமனார். இரண்டு பேரையும் ஒரே வேலைக்கு நிறுத்தி மார்க் போடக் கூடாது.

எங்கள் மில்லில் பியட் முதலாளிக்கு. அதை ஓட்டியவர் முத்துசாமி, அதிகம் பேசாத ஆள். அம்பாசிடர் மற்ற எல்லாவற்றுக்கும். அதை ஓட்டியவர் செங்கோடன் அண்ணன்.

அவர் வேலையில் கறார்ப் பேர்வழி, அதுவும் மில்லின் சார்பாக. பங்க்கில் பெட்ரோல் போடும்போது இறங்கிப் பின் பம்பரைப் பிடித்து வண்டியை ஆட்டுவார். அம்பாசிடர் டேங்க் அகலமானது. மேல் மூலையில் காற்று அடைத்துக்கொண்டு, நிரம்பிய மாதிரி வாய்வரை பெட்ரோல் காட்டும். ஆட்டினால் காற்று குமிழி விட்டு வெளியேறும், பெட்ரோல் கீழே இறங்கும், இன்னும் கொஞ்சம் பிடிக்கும். நம் பக்கத்தில் வண்டி வைத்திருக்கிற யாரும் இதைச் செய்வார்கள், ஸ்கூட்டர்காரர்கூட சாய்த்துச் சாய்த்து ஊற்றச் சொல்வார். செங்கோடன் அண்ணனுக்கு இது ஒரு விரதம் மாதிரி. "காசு பெட்ரோலுக்குத்தானுங்களே குடுக்கறோம், காத்துக்கா குடுக்கறோம்?" என்று பங்க் ஆளைக் கேட்பார்.

ஒரு மழைக்காலத்தில் மில்லில் வேலை செய்த பெண் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. திருமணிமுத்தாற்றுத் தரைப்பாலத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. செங்கோடன் அண்ணன் வண்டியை நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீருக்குள் நடந்து ஆழம் பார்த்துவிட்டு வந்து, முதல் கியரில் ஆக்சிலேட்டரை விடாமல் அழுத்தி ஒரே மூச்சில் கடத்தினார். நானும் வண்டியில் இருந்தேன். பியட்டாக இருந்தால் நின்றிருக்கும் என்று நான் அளக்க மாட்டேன், எனக்குத் தெரியாது. அந்த வேலைக்கு அன்றைக்கு இருந்தது அம்பாசிடர், ஓட்டியது இவர், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

அப்புறம் புது மேனேஜர் வந்தார். வந்ததும் கண்ணில் பட்டது இரண்டு கார். ஒன்று போதும், மற்றதை ஏலத்தில் விடலாம் என்றார். எந்த வண்டி போகிறதோ அதன் டிரைவரும் போக வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்று சோதனை நடத்தி முடிவு செய்வோம், யாருக்கும் பாரபட்சம் இல்லை என்று அறிவித்தார். முதலாளி ஏறுகிற வண்டியை விற்கச் சொல்லும் தைரியம் எந்த மேனேஜருக்கு உண்டு? ஆனாலும் நாங்கள் நம்பினோம். சோதனையை நடத்தப் போவது சிதம்பரநாதன் சார் என்று சொன்னதால் நம்பினோம்.

செங்கோடன் அண்ணன் குடியிருந்தது மில்லின் லைன் வீட்டில். வேலை போனால் வீடும் போகும். மகள் திருச்செங்கோட்டில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், வருஷத்தின் நடுப்பகுதி. அவர் என்னிடம் வந்து, "தம்பி, வண்டியை நல்லா டியூன் பண்ணி உடுங்க. சாரு பாத்துக்குவாரு, அவரு தப்புப் பண்ண மாட்டாருங்க" என்றார். பிளக், பாயின்ட், கார்புரேட்டர் என்று எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தேன். அந்த வண்டி அதைவிட நன்றாக ஓடியதே இல்லை.

சோதனை அன்றைக்குக் காலையில் பங்க்கில் போய் நின்றால் பாட்டிலையே காணோம். டேங்கை நிரப்பி, ஓட்டிவிட்டு வந்து, மறுபடி நிரப்பி, எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்தால் போதும் என்றார் மேனேஜர். டிரைவர்கள் தில்லுமுல்லு செய்வார்கள் என்று இரண்டு பேரையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டார். பங்க் ஆள் ஊற்றினார், வாய்வரை தெரிந்ததும் நிறுத்தினார். யாரும் வண்டியைத் தொடவில்லை. பாரம் எப்படி என்று கேட்டதற்கு, "வழக்கமா எப்படிப் போகுதோ அப்படியே போகட்டும்" என்றார் மேனேஜர். அதனால் பியட்டில் முத்துசாமி மட்டும். அம்பாசிடரில் செங்கோடன் அண்ணனோடு நான்கு ஆட்கள், டிக்கியில் மூட்டை. நான் சாரைப் பார்த்தேன். அவர் குனிந்து டயரில் காற்றை அளந்துகொண்டிருந்தார். இரண்டு வண்டிக்கும் மிகச் சரியாக அளந்தார். ஐந்து பேருக்கும் ஒரு பேருக்கும் டயர் காற்றைச் சமமாக வைத்து என்ன செய்ய?

நாமக்கல்லைத் தாண்டி எருமப்பட்டிவரை போய்த் திரும்பினார்கள். திரும்பி வரும்போது நல்ல வெயில். மேனேஜர் பங்க் அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டார். டிரைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்ல இப்போது யாருமில்லை. பியட்டுக்கு ஊற்றினார்கள், முத்துசாமி சீட்டைவிட்டு இறங்கவே இல்லை. அம்பாசிடர் முறை வந்தது. பங்க் ஆள் குழாயை வைத்ததும் செங்கோடன் அண்ணன் இறங்கி நேராகப் பின்பக்கம் போனார். பம்பரைப் பிடித்தார். ஆட்டினார்.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. காலையில் டேங்கில் காற்றோடு நிரப்பியது. இப்போது காற்றை வெளியேற்றி நிரப்புகிறார். அதிகமாக உள்ளே போகிற ஒவ்வொரு சொட்டும் வண்டி வழியில் குடித்ததாகக் கணக்கில் ஏறும். "அண்ணா, ஆட்டாதீங்க! ஆட்டாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவர் சிரித்தார். "உடு தம்பி, பூரா இறங்கட்டும். மில்லு காசு வீணாப் போகக் கூடாதுல்ல" என்று இன்னும் இரண்டு ஆட்டு ஆட்டினார்.

சிதம்பரநாதன் சார் பம்புக்குப் பக்கத்தில்தான் நின்றார். வண்டி ஆடியதைப் பார்த்தார். நான் ஓடியதையும் பார்த்தார். என் கண்ணை நேராகப் பார்த்தார். பிறகு பம்பில் காட்டிய அளவைப் பார்த்து எழுதிக்கொண்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அந்த மனிதர்மேல் வைத்திருந்த மரியாதை முழுவதும் எனக்கு அந்த இடத்தில் போனது.

வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கிறது என்று முடிவாயிற்று. செங்கோடன் அண்ணனுக்கு நான்தான் விளக்கிச் சொன்னேன். முதலில் புரியவில்லை. ஒரு சொம்பை எடுத்து, தண்ணீர் ஊற்றிக் காட்டியதும் புரிந்தது. கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என்ற கையாலயே பண்ணிக்கிட்டேனுங்களா?" என்றார். இல்லை, பார்த்துக்கொண்டு நின்றவர் பண்ணியது என்றேன். அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வார விடுமுறையில் நானும் முத்துசாமியும் பாட்டிலை எடுத்தோம். முத்துசாமிதான் வந்து கூப்பிட்டார். பியட் ஜெயித்ததால் பிழைத்தது அவர் வேலை. ஆனாலும், "எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது, சரியா ஒருக்காப் பாத்துரலாம் வாங்க" என்றார். ஆட்டையாம்பட்டி ரோட்டில் சார் கற்றுக்கொடுத்த முறையில், இரண்டு வண்டிக்கும் ஒரே ஆட்கள், ஒரே டிரைவர், இரண்டு திசையிலும் ஓட்டிப் பார்த்தோம். தார் ரோட்டில் பியட்தான் முன்னால் வந்தது. வரும், சின்ன எஞ்சின், எடை குறைவு, வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் மேனேஜர் காட்டிய வித்தியாசத்தில் பாதிகூட இல்லை. ஐந்து பேரோடு மண் தடத்தில் இறக்கியபோது பியட் கொதித்து மூச்சு வாங்கியது, அங்கே அம்பாசிடர்தான் குறைவாகக் குடித்தது. மில் எந்த வேலைக்கு அம்பாசிடரை வைத்திருந்ததோ அந்த வேலைக்கு அதுதான் சிக்கனம்.

சாரிடம் போய்ச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். நடுவில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டார், பாட்டிலைக் கட்டிய உயரத்தைப் பற்றி. திருப்தியாகத் தலையசைத்தார்.

"நீங்க பண்ணினது சரியான டெஸ்ட் ராசு" என்றார்.

"அப்ப மேனேஜர்கிட்டச் சொல்லுங்க சார்."

"மேனேஜருக்கு வேண்டியது டெஸ்ட் இல்ல. என் கையெழுத்து. அது போட்டாச்சு."

குரல் உயரவில்லை. 'நீங்க' என்றுதான் சொன்னார். தெரியாதவன் தப்புச் செய்தால் சொல்லித் திருத்தலாம். இவரை என்ன செய்வது? மேனேஜரிடம் நானே போனேன். பட்டறை ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று வெளியே அனுப்பிவிட்டார்.

அம்பாசிடர் ஏலம் போனது. செங்கோடன் அண்ணன் லைன் வீட்டைக் காலி செய்தார். மகள் அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை. அவர் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் லாரிக்குப் போனார். வடக்கே எங்கெங்கோ போய் மாதக்கணக்கில் தங்கிப் பாறை துளைக்கிற வேலை. வருஷக்கணக்காக அந்தக் கம்ப்ரசர் சத்தத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு காதும் போய்விட்டன. இப்போதும் இருக்கிறார். நான் போனால் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார், சொல்வது எதுவும் கேட்காது.

இத்தனையும் தெரிந்த நான் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றால் சும்மா இருப்பேனா? கண்காட்சி நடத்திய தம்பியைக் கூப்பிட்டு, கடைசி வரியை அழிக்கச் சொன்னேன். நல்ல பிள்ளை, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "ஐயா, சும்மா போடலீங்க. அந்த டெஸ்ட் பண்ணுன இன்ஜினியரே போன்ல சொன்னாருங்க. நேத்து நடந்த மாதிரி சொன்னாருங்க" என்றார்.

அவரே சொன்னாராம்.

அங்கேயே போனை எடுத்துக் கூப்பிட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறவர், எண் என்னிடம் இருந்தது. என் குரலைக் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம். "பலகையைப் பாத்தீங்களா ராசு? நம்ம டெஸ்ட்!" என்றார். அன்றைக்கு எந்தப் பக்கம் காற்று வீசியது, டயரில் எவ்வளவு வைத்தோம், எருமப்பட்டிவரை எத்தனை கிலோமீட்டர், மைலேஜ் புள்ளிக்குப் பின்னால் எந்த எண் என்று எல்லாவற்றையும் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தார். பொய் சொல்கிறவரின் குரல் இல்லை அது. நம்பியே விட்டிருந்தார்.

"செங்கோடன் அண்ணன் வண்டியை ஆட்டுனது ஞாபகம் இருக்குங்களா சார்?" என்றேன்.

"செங்கோடனா? அது யாரு?" என்றார்.

கண்காட்சிக் கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன். கத்தியதற்கு வருத்தமில்லை.

"அம்பாசிடர் ஓட்டுனவருங்க சார்! நீங்க பாக்கப் பாக்க வண்டியை ஆட்டுனவரு. நீங்க எழுதுன கணக்குக்கு ஊட்டைக் காலி பண்ணுனவரு. அவருக்கு இப்பக் காது கேக்காதுங்க. கேட்டிருந்தா, இந்தப் போனை அவருகிட்டயே குடுத்து, 'நான் யாருன்னு தெரியுதுங்களா'ன்னு உங்களையே கேக்கச் சொல்லியிருப்பேன்."